பேட்டரி பிளேனரா, ஒயர் பிளேனரா, இழைப்புளியே போதுமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், வீட்டுக்கு ஒரு கதவாவது நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும். பாத்ரூம் கதவு, கொல்லைக் கதவு, சமையலறை ஜன்னல் என்று ஆசாரிக்கு போன் மேல் போன் போகும், அவரும் இதோ வருகிறேன் என்று சொல்லியே கார்த்திகையைத் தாண்டிவிடுவார். மரம் சீவுகிற பிளேனர் மெஷின் ஒன்றை நாமே வாங்கிவிடலாமே என்று பலருக்கும் தோன்றுவது இந்தச் சமயத்தில்தான். சின்னதாகக் காண்ட்ராக்ட் எடுத்துக் கதவு மாட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு: இருக்கிற ஒயர் மெஷினோடு காலத்தை ஓட்டலாமா, பேட்டரிக்கு மாறலாமா என்பது. இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது, ஆனால் பார்க்க வேண்டிய விஷயங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கடையில் கேட்டால் வாட், வோல்ட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று ஆரம்பிப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்க வேண்டியது, வேலை எங்கே நடக்கப்போகிறது என்பது. பட்டறையில் ஒரே மேசையில் வைத்து இழைப்பவருக்கும், இன்னும் கரண்ட் கனெக்‌ஷன் வராத மூன்றாவது மாடியில் கதவு மாட்டுபவருக்கும் ஒரே மெஷின் பொருந்தாது. அடுத்தது, ஒயர் மெஷின், பேட்டரி மெஷின், கையால் தள்ளுகிற இழைப்புளி என்று இந்த மூன்றும் மூன்று விதமாகக் கையைக் கடிக்கும், மூன்றுக்கும் மூன்று விதமான கவனிப்பு வேண்டும். அதில் எது உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்பது. சோம்பேறியாக இருந்தால் சோம்பேறி என்று ஒத்துக்கொண்டு வாங்குவது நல்லது, பிளேடு விஷயத்தில் அது நிறைய மிச்சப்படுத்தும்.

ஒரு நிமிடம், எதையும் வாங்குவதற்கு முன்னால் கதவைப் பாருங்கள். முட்டுகிற கதவுகளில் நிறைய கதவுகளுக்குச் சீவலே தேவைப்படாது. மேல் கீலின் திருகுகள் தளர்ந்து கதவு லேசாகத் தொங்கியிருக்கும், அதை நீளமான திருகு போட்டு இறுக்கினாலே சரியாகிவிடும். மரம் ஈரம் குடித்தால் அகலத்தில்தான் ஊதும், நீளத்தில் அநேகமாக ஒன்றும் ஆகாது. அதனால் மழைக்காலத்தில் இறுகுகிறதே என்று தாராளமாகச் சீவித் தள்ளினால் சித்திரையில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகிற அளவு சந்து விழும். உரசுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து அதை மட்டும் எடுங்கள். எடுத்த கையோடு அந்த வெறும் மர விளிம்புக்குப் பிரைமரோ வார்னிஷோ அடித்து மூடுங்கள், அடுத்த மழைக்கு ஈரம் போகிற வழி அதுதான். கதவின் அடி விளிம்புக்கும் தலை விளிம்புக்கும் பெயிண்டர்கள் பிரஷ் காட்டுவதே இல்லை, அதையும் கழற்றிய நேரத்தில் முடித்துவிடலாம்.

இழைப்புளியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வருடத்துக்கு ஒன்றிரண்டு கதவு மட்டும் பார்க்கிற வீட்டுக்காரருக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. சத்தம் கிடையாது, தூள் பறக்காது, சுருள் சுருளாக விழுவதைக் கூட்டி அள்ளிவிடலாம். முக்கியமாக, தப்பு மெதுவாகத்தான் நடக்கும். கால் மில்லிமீட்டர் எடுத்து, மாட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் எடுத்து என்று போகலாம். மெஷினில் ஒரு தரம் ஓட்டினால் போனது போனதுதான். குறை என்னவென்றால் தீட்டத் தெரிய வேண்டும். மழுங்கிய உளியை வைத்துக்கொண்டு தேக்கில் இழைப்பதைப் போலக் கடுப்பான வேலை கிடையாது, தேக்கில் சிலிக்கா இருப்பதால் அது முனையைச் சீக்கிரம் தின்னும். பிளைவுட் விளிம்பும் அப்படியே, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இருக்கிற பசை உளிக்கு எமன். ஒரு நல்ல சாணைக்கல், அதில் உட்கார்ந்து தேய்க்கப் பத்து நிமிடப் பொறுமை, அடிப்பாகம் வழுக்க ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, கடற்கரை ஊராக இருந்தால் துருப் பிடிக்காமல் லேசாக எண்ணெய்; பராமரிப்பு அவ்வளவே. கை வெட்டுப்படுவது அநேகமாகத் தீட்டும்போதும் உளியைக் கழற்றும்போதும்தான், இழைக்கும்போது இல்லை.

மெஷின் என்று வந்துவிட்டால் ஒயர் வைத்ததும் பேட்டரி வைத்ததும் உள்ளுக்குள் ஒன்றுதான். ஒரு உருளை, அதில் பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு பிளேடு, மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட். பின்பக்கத் தட்டு அசையாது, முன்பக்கத் தட்டு மேலே ஏறுகிற அளவுதான் வெட்டின் ஆழம். பெரும்பாலான கை பிளேனர்களின் அகலம் 82 மி.மீ., அதாவது மூன்றேகால் அங்குலம். நம் ஊரில் நிறைய பட்டறைகளில் பார்க்கக்கூடிய மக்கிட்டா என் 1900 பி-யை எடுத்துக்கொண்டால் 580 வாட், ஒரு தடவைக்கு 1 மி.மீ. வரை, நிமிடத்துக்கு 16,000 சுற்று, எடை இரண்டரைக் கிலோ. அதே கம்பெனியின் 18 வோல்ட் பேட்டரி மாடல் டிகேபி 180, 2 மி.மீ. வரை எடுக்கும், 14,000 சுற்று. பிரஷ்லெஸ், அதாவது தேய்கிற கார்பன் பிரஷ் இல்லாத, மோட்டாரோடு வருகிற டிகேபி 181, 3 மி.மீ. வரை எடுக்கும், ஆனால் 12,000 சுற்றுதான். பேட்டரியைச் சேர்த்தால் இந்த 18 வோல்ட் மெஷின்கள் மூன்றரைக் கிலோவை ஒட்டி நிற்கும், ஒரு கிலோ கூடுதல் என்பது சாயங்காலம் தோள்பட்டையில் தெரியும்.

இந்த ஆழக் கணக்கில் மயங்க வேண்டாம். 3 மி.மீ. எடுக்கும் என்பது எடுக்க முடியும் என்பதுதான், எடுக்க வேண்டும் என்பது இல்லை. கதவு வேலையில் அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் நடுவிலேயே காலம் போய்விடும். ஆழமாக வைத்தால் நார் திரும்புகிற இடத்தில் மரம் பிய்த்துக்கொண்டு வரும், மெஷின் துள்ளும், பேட்டரியும் சீக்கிரம் காலியாகும்.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி (Wh) சக்தி. அறுநூறு வாட் இழுக்கிற அளவுக்கு விடாமல் அழுத்தி ஓட்டினால் ஒன்பது நிமிடத்தில் தீர்ந்தது. கேட்கச் சின்னதாக இருக்கிறதா? ஆனால் ஏழடிக் கதவின் 35 மி.மீ. விளிம்பை ஒரு தரம் ஓட்ட அரை நிமிடம்கூட ஆகாது, முழு அகலமும் வெட்டாததால் அவ்வளவு சக்தியும் இழுக்காது. ஆக, கதவு மாட்டுகிறவருக்கு இரண்டு பேட்டரி இருந்தால் ஒரு நாளை ஓட்டிவிடலாம். பழைய உத்தரத்தை வாங்கி வந்து நாலு பக்கமும் இழைத்துப் பலகை ஆக்கப்போகிறேன் என்பவர் பேட்டரி பக்கமே வர வேண்டாம். சொல்லப்போனால் அவர் கை பிளேனர் பக்கமே வர வேண்டாம், அகலமான பலகையில் கை பிளேனர் ஓட்டினால் வரி வரியாக மேடு விழும். சா மில்லில் கொடுத்து மெஷின் இழைப்பு வாங்கிக்கொள்வது காசுக்கும் முதுகுக்கும் நல்லது.

பெட்டியில் 20 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து அது 18-ஐவிடப் பலசாலி என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஐந்து செல் கோத்த அதே பேட்டரிதான், முழு சார்ஜில் அளந்தால் 20 சொச்சம், சராசரியாகச் சொன்னால் 18.

இப்போது ஆபத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியமான ஒப்பீடு. ஒயர் மெஷினின் முதல் எதிரி அதன் ஒயரேதான். சீவிக்கொண்டே நடக்கும்போது ஒயர் முன்னால் வந்து விழும், காலில் சுற்றும், கதவின் மூலையில் மாட்டிப் பாதி வழியில் இழுக்கும். தோள் மேல் போட்டுக்கொண்டு பின்பக்கமாக விடுவது பழைய ஆட்களின் வழக்கம், நல்ல வழக்கம். இரண்டாவது நம் ஊருக்கே உரியது: இந்த மெஷின்களில் நிறையவற்றில் சுவிட்சை அழுத்தி ஒரு பட்டனைத் தட்டினால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது கரண்ட் போகிறது, மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம், கரண்ட் வந்ததும் ஆளில்லாமலே மெஷின் கிளம்பித் தரையில் ஓடும். கரண்ட் போன அடுத்த நொடி பிளக்கைப் பிடுங்குவதே இதற்கு மருந்து. கட்டடம் எழும்புகிற இடத்தில் ஈரத் தரையில், ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷனில் வேலை என்றால் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத லைனில் நான் மெஷின் போடச் சொல்ல மாட்டேன்.

பேட்டரி மெஷினில் இந்த இரண்டு வம்பும் இல்லை. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு பூட்டுப் பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சை இழுத்தால்தான் ஓடும், விரலை எடுத்தால் நிற்கும். ஆனால் அதற்கென்று ஒரு தந்திரமான ஆபத்து இருக்கிறது: அது எப்போதும் உயிரோடு இருக்கிறது. ஒயர் மெஷினில் பிளக் மாட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும், கை தானாக எச்சரிக்கையாகும். பேட்டரி மெஷின் சும்மா கிடப்பது போலவே கிடக்கும். சீவல் அடைத்துக்கொண்டது, விரலை விட்டு எடுத்துவிடலாம் என்று தோன்றுவது அங்கேதான். உருளை ஒரு விநாடியில் 400 தடவைக்கு மேல் வெட்டுகிறது, விரலை இழுத்துக்கொள்ள அவகாசமே கிடையாது. அடைப்பு எடுக்க, பிளேடு மாற்ற, பையில் வைக்க, பக்கத்து ரூமுக்குத் தூக்கிப் போக, எதுவானாலும் முதலில் பேட்டரி வெளியே. அடைப்பைக் குச்சியால் எடுங்கள், பேட்டரியைக் கழற்றிய பிறகும் குச்சியால்தான், பிளேடு ஓடாதபோதும் வெட்டும். இந்தப் பழக்கம் வராது என்று நினைப்பவர்கள், வீட்டில் கை துறுதுறுத்த பிள்ளைகள் இருப்பவர்கள், நேர்மையாக யோசித்துவிட்டு வாங்குங்கள்.

சுவிட்சை விட்டதும் உருளை நிற்பதில்லை, சில நொடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். சில மாடல்களில் பிரேக் உண்டு, நிறையவற்றில் இல்லை. பின் தட்டில் ஒரு சின்னக் கால் இருக்கும், மெஷினைக் கீழே வைத்தால் பிளேடு தரையில் படாமல் அது தாங்கும். அது உடைந்துபோன மெஷினையும், அது இருக்கிறதே என்று ஓடுகிற மெஷினைத் தொப்பென்று வைக்கிற ஆளையும் ஒரே பட்டறையில் பார்க்கலாம். சத்தம் அடங்கும்வரை கையிலேயே பிடித்திருங்கள்.

அப்புறம் ஒரு கெட்ட வழக்கம் பரவியிருக்கிறது, பிளேனரைத் தலைகீழாக மேசையில் பொருத்தி, சுவிட்சைப் பூட்டிவிட்டு, சட்டத்தை அதன் மேல் தள்ளுவது. முறையான ஸ்டாண்டும் காப்பும் இல்லாமல் இதைச் செய்வது விரலைப் பந்தயம் வைப்பது. பேட்டரி மெஷினில் பூட்டு இல்லையே என்று சுவிட்சில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

இரண்டுக்கும் பொதுவான விஷயங்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கதவைக் கழற்றிப் படுக்கை வாட்டில் நிறுத்தி, அசையாமல் கட்டிய பிறகே மெஷின். தொங்குகிற கதவில் ஒரு கையால் கதவையும் மறுகையால் மூன்றரைக் கிலோவையும் பிடிக்கிற வித்தை வேண்டாம். முழு வேகம் வந்த பிறகே மரத்தில் படவிடுங்கள். ஆரம்பத்தில் முன் கைக்கு அழுத்தம், முடிவில் பின் கைக்கு, இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் பள்ளம் விழும். கதவின் அடியில் இழைக்கும்போது பக்கவாட்டுச் சட்டங்களின் நார் குறுக்கே வரும், ஒரே ஓட்டமாகக் கடைசிவரை தள்ளினால் மூலையில் சிம்பு பெயர்ந்து போகும், அதனால் இரண்டு முனையிலிருந்தும் உள்நோக்கி ஓட்டி நடுவில் முடியுங்கள். இரண்டு பக்கமும் தகடு ஒட்டிய பிளஷ் டோர் என்றால் விளிம்பில் இருக்கிற மரப்பட்டி கொஞ்சம்தான், அதைத் தாண்டி எடுத்தால் உள்ளே இருக்கிற கண்டதும் வெளியே வரும். பழைய கதவில் ஆணி தேடுங்கள், ஒரு காந்தத்தை விளிம்போடு இழுத்துக்கொண்டு போனால் போதும். லுங்கி நுனி, தோள் துண்டு, கையில் கட்டிய கயிறு எல்லாம் உருளைக்குப் பிடித்த சாமான்கள். இடக் கை முன் கைப்பிடியிலேயே இருக்கட்டும், விரல் தட்டுக்கு அடியில் சுருண்டு போகக் கூடாது.

பழைய பெயிண்ட் அடித்த கதவுக்குத் தனி எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்கிற விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் அதைப் பொடியாக்கி வீடு முழுக்க இறைக்கும், தரையில் தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. அந்தக் கதவுக்கு வெளியே எடுத்துப் போய் இழைப்புளி, கீழே ஒரு தார்ப்பாய், ஈரத் துணியால் துடைப்பு என்பதே சரி. வெறும் மரத்தூளே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், வைத்திருக்கிற பொருள். கைக்குட்டை கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது. சத்தமும் 85 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ போகும், காதுக்கு ஒரு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, இதெல்லாம் மெஷின் விலையில் ஒரு துளி.

பராமரிப்பில் எது சுலபம்? இங்கே பிளேடுதான் பாதிக் கதை. தீட்டிப் பயன்படுத்துகிற அகலமான எஃகு பிளேடு ஒரு வகை, இரண்டு பக்கமும் முனை உள்ள ஒல்லியான கார்பைடு பிளேடு இன்னொன்று. எஃகு நன்றாகக் கூர் ஏறும், வேம்பு, பூவரசு மாதிரி மரங்களில் வழவழவென்று வரும், ஆனால் இரண்டையும் ஒரே அளவில் தீட்ட வேண்டும், தீட்டும் பிடி பெட்டியிலேயே வருகிற மெஷினும் உண்டு. கார்பைடு மழுங்கினால் திருப்பிப் போடு, அதுவும் போனால் தூக்கிப் போடு. பிளைவுட், பிளஷ் டோர், தேக்கு என்று ஓடுகிறவருக்கு இதுவே லாபம். ஒயரா பேட்டரியா என்பதைவிட இந்தத் தேர்வுதான் தினசரி வேலையில் அதிகம் உறைக்கும் என்பேன்.

எதுவானாலும் மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், எடை சமமில்லாவிட்டால் அதிர்வு எடுத்து பேரிங்கைக் காலி செய்யும். முனை சரியாகப் பின் தட்டின் மட்டத்தில் நிற்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலைப் பின் தட்டில் வைத்து உருளையைக் கையால் மெல்லத் திருப்பினால் பிளேடு லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். வெட்டின் ஆரம்பத்தில் குழி விழுகிறது என்றால் பிளேடு போதுமான அளவு வெளியே வரவில்லை, முடிவில் விழுகிறது என்றால் அதிகமாக வந்திருக்கிறது. திருகுகளை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்குங்கள், பறக்கிற பிளேடு யாரையும் பார்த்துப் பறக்காது.

பிரஷ் உள்ள மோட்டார்களில் கார்பன் தேயும், தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் மாற்ற வேண்டும், மலிவான வேலை, எந்த ஊரிலும் கிடைக்கும். பிரஷ்லெஸ் பேட்டரி மெஷினில் அந்தத் தொல்லை கிடையாது, பதிலுக்கு எலக்ட்ரானிக் போர்டு போனால் தெருமுனை மெக்கானிக் கையை விரித்துவிடுவார். பெல்ட் இரண்டிலும் தேயும், வாங்கும்போதே ஒன்று உபரியாக வாங்கி வைப்பது உத்தமம். பேட்டரிக்கு வெயில்தான் சத்துரு. வேலூர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மத்தியானம் முழுக்க வெந்த பேட்டரியை எடுத்து நேராகச் சார்ஜரில் மாட்டினால் ஆயுள் குறையும். 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், நிழலில் ஆறட்டும். மாதக் கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் முழுசாக ஏற்றியும் வைக்காமல் சுத்தமாக இறக்கியும் வைக்காமல் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு கதவு சீவுகிறவருக்குப் பேட்டரி மெஷின் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், மெஷின் உழைத்துத் தேய்வதற்கு முன் பேட்டரி சும்மா இருந்தே கிழடாகிவிடும்.

ஆக, பட்டறைக்காரர் ஒயரிலேயே இருக்கட்டும், பேட்டரிக்குப் போடுகிற காசில் தூள் உறிஞ்சும் வாக்குவம் வாங்கினால் நுரையீரல் வாழ்த்தும். வீட்டுக்காரருக்கு இழைப்புளியும் சாணைக்கல்லும். சைட் சைட்டாக அலைந்து கதவு மாட்டுகிறவர், அதிலும் கரண்ட் வருவதற்கு முன்பே வேலை முடிக்கச் சொல்லி மேஸ்திரி நெருக்குகிற இடங்களில் இருப்பவர், யோசிக்காமல் பேட்டரிக்குப் போகலாம். அவரிடம் ஏற்கெனவே ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில் இருந்தால் கம்பெனி எது என்கிற கேள்வியும் முடிந்தது, அதே வரிசையில் பேட்டரி இல்லாத வெறும் மெஷினை வாங்கினால் போதும். ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் ஏறாது. புதிதாகப் பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து வாங்குபவருக்கு ஒயர் மெஷினைவிடச் செலவு பல மடங்கு ஏறும், அந்தக் கணக்கை வேலை வருகிற வேகத்தோடு வைத்துப் பாருங்கள். கதவு விளிம்பு மட்டும்தான் வேலை என்றால் 12 வோல்ட்டில் வருகிற 56 மி.மீ. அகலச் சின்ன பிளேனரையும், பாஷ் கம்பெனியின் ஜிஎச்ஓ 12வி-20 அந்த வகை, கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். நம் கதவுகளின் கனம் பெரும்பாலும் 30 முதல் 40 மி.மீ. தான், 82-ஐத் தூக்கிச் சுமக்கிற அவசியமே இல்லை.

பழைய மெஷின் மலிவாக வந்தால் பேட்டரியையோ பிளக்கையோ கழற்றிவிட்டு உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது. இரண்டு தட்டும் ஒரே மட்டமா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கீழே விழுந்த மெஷினில் அது கோணியிருக்கும், அதை நிமிர்த்துவது நடக்காத காரியம். அந்த மாடலுக்குப் பெல்ட்டும் பிளேடும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.